நீளக் கொம்புக்காரி

அலாஸ்காவில் மலையாட்டு வேட்டைக்குத் தரும் பர்மிட்டில் பெரும்பாலும் ‘ஒரு ஆடு’ என்றுதான் இருக்கும். கிடா என்றும் இருக்காது, பெட்டை என்றும் இருக்காது. குட்டியைச் சுடக்கூடாது, குட்டியோடு நிற்கிற தாயைச் சுடக்கூடாது. மற்றபடி எது குறிக்குள் வந்தாலும் சட்டம் தடுக்காது. ஆனால் அந்தப் பர்மிட்டைக் கொடுக்கிற மீன், வனவிலங்குத் துறையே ‘கிடாவாகப் பார்த்துச் சுடுங்கள், பெட்டையை விட்டுவிடுங்கள்’ என்று கையேடு போடுகிறது, காணொளி போடுகிறது, சில பகுதிகளில் படங்களைக் காட்டித் தேர்வே வைக்கிறது. சட்டம் ‘சரி’ என்பதை அதே துறை ‘வேண்டாமே’ என்று கேட்டுக்கொள்கிற இந்த இடைவெளி எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். போன ஆகஸ்டில் கூட வந்த தம்பி ஒருவர் மலை மேல் வைத்து இதையே என்னிடம் கேட்டார். அன்று சொன்ன பதிலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் ஆடு வளர்த்தவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படாது. கிடா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். நம் நீலகிரி வரையாட்டில்கூட முதிர்ந்த கிடாவுக்கு உடம்பு கறுத்து, முதுகில் வெளிறிய திட்டு விழுந்துவிடும். எதிர்மலையில் நின்றே சொல்லிவிடலாம். இங்கே கீனாய் தீபகற்பத்து மலைகளில் மலையாடுகளோடு டால் செம்மறிகளும் உண்டு. அவற்றில் ஆணின் கொம்பு காதைச் சுற்றி வளைந்து வரும், பெண்ணுக்குச் சின்னக் கொம்பு. குழப்பத்துக்கு இடமே இல்லை. மலையாடு அப்படியில்லை. இரண்டுமே வெள்ளை. இரண்டுக்குமே தாடி. இரண்டுக்குமே பின்னோக்கி வளைந்த கறுப்புக் கொம்பு, எட்டிலிருந்து பத்து அங்குலம். இரண்டுக்குமே தோளில் திமில் மாதிரி ஒரு மேடு. பெயரில் ஆடு இருந்தாலும் இது நம் வெள்ளாட்டின் நேரடி இனமும் இல்லை. ஆல்ப்ஸ் மலையின் ஷாமோய், இமயத்தின் கோரல் ஆகியவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். வாழ்வது நாம் கால் வைக்கத் தயங்கும் பாறைச் சரிவில். நாம் பார்ப்பது ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி, காற்றில் நடுங்கும் தொலைநோக்கி வழியாக.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு முதியவர், கீனாயில் உள்ள சூவர்ட் என்ற ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவர் முதலில் சொல்லித்தந்தது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இல்லை, எதை நம்பக்கூடாது என்பதைத்தான். அந்த வரிசையிலேயே நானும் போகிறேன்.

ஏமாற்றும் அடையாளங்கள்

தனியாக நின்றால் கிடா என்பது முதலாவது. பாதி உண்மை. மூன்று வயதுக்கு மேல் போன கிடாக்கள், நவம்பரில் இணைசேரும் காலம் வரும்வரை, தனியாகவோ இரண்டு மூன்று சேர்ந்தோதான் திரியும். பெட்டைகளும் குட்டிகளும் ஒரு வயது, இரண்டு வயது இளசுகளும் மந்தையாக இருக்கும். ஆகவே குட்டிகள் உள்ள மந்தையைக் கண்டால் அங்கே கிடா தேடுவது வீண். விலகி வேறு சரிவைப் பார்க்க வேண்டும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, தனியாக இருப்பதெல்லாம் கிடா என்று முடிவுகட்ட முடியாது. தனியாகத் திரியும் பெட்டைகள் உண்டு. அந்த வருடம் குட்டி போடாதவையும், போட்ட குட்டியை இழந்தவையும் அவற்றில் அடக்கம்.

உடம்பு பெரிது என்பது இரண்டாவது. முதிர்ந்த கிடா பெட்டையைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கனம், சில சமயம் ஒன்றரை மடங்கு. தோளும் கழுத்தும் தடித்து, முன்பாரம் மிகுந்து தெரியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இது பயன்படும். தனியாக ஒன்று பாறையில் படுத்திருக்கும்போது எதை வைத்து அளப்பது? சுற்றிலும் மரம் இல்லை, செடி இல்லை. உச்சியில் இருக்கும் ஒரு வெள்ளை உருவம் அது இருக்கிற இடத்தாலேயே பெரிதாகத் தோன்றும்.

அழுக்கு, மஞ்சள் நிறம் என்பது மூன்றாவது. இணைசேரும் காலத்தில் கிடாக்கள் குழி பறித்து, அதில் சிறுநீர் கழித்து, அந்த மண்ணை மேலே வாரியிறைத்துக்கொள்ளும். வயிறும் தொடையும் சாயம் ஏறினமாதிரி ஆகிவிடும். நவம்பரில் இது நல்ல அடையாளம். ஆகஸ்டில் இல்லை, புழுதியில் புரளுவது எல்லா ஆட்டுக்கும் பிடிக்கும்.

நான்காவதுதான் ஆபத்தானது, கொம்பின் நீளம். வேட்டைக்குப் போகிறவர் மனதில் முதலில் இருப்பதும் இதுதான். தூரத்தில் நீளமான கொம்பு தெரிந்ததும் கை பரபரக்கும். ஆனால் மலையாட்டில் பெட்டையின் கொம்பு கிடாவினுடையதற்குச் சமமாக, சில நேரம் அதைவிட நீளமாகவே வளரும். நீளத்தைத் தேடிப் போகிறவரை அந்த ஆசையே நேராகப் பெட்டையிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும். கொம்பின் அளவைப் பதிவேட்டில் ஏற்றும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம்கூட நீளத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கொம்பிலும் நான்கு இடங்களில் சுற்றளவு எடுத்துக் கூட்டுகிறது. விஷயம் தடிமனில் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

நம்பக்கூடியவை

கொம்பைப் பார்க்க வேண்டும்தான், ஆனால் அடியில் பார்க்க வேண்டும். கிடாவின் கொம்பு அடியில் பருத்து, அங்கிருந்து சீராகக் குறைந்துகொண்டே நுனிக்குப் போகும். வளைவும் அடியிலிருந்தே தொடங்கி ஒரே சீராக இருக்கும். பெட்டையின் கொம்பு மெலிந்தது. முக்கால் உயரம் வரை கிட்டத்தட்ட நேராகப் போய், மேல்பகுதியில் சட்டென்று பின்னால் மடங்கும். இதைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். நேர்முகமாகத் திரும்பும்போது இரண்டு கொம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கிடாவுக்கு அடிப்பகுதிகள் நெற்றியில் நெருங்கி நிற்கும், நடுவில் ஒரு கொம்பின் அகலம்கூட இடம் இருக்காது. பெட்டைக்கு அந்த இடைவெளி விரிந்து, முடி நிறைந்து, தெளிவாகத் தெரியும். கொம்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சுரப்பி உண்டு. முதிர்ந்த கிடாவில் அது பிறை வடிவில் புடைத்துக்கொண்டு, கொம்பின் அடியை இன்னும் பருமனாகக் காட்டும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வயதுக் கிடாவின் தலையும் வளர்ந்த பெட்டையின் தலையும் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். துறையின் தேர்வில் எல்லோரையும் தடுமாற வைக்கிற படங்கள் இந்த வகைதான்.

மயிரைப் பார்ப்பது கோடையில் உதவும். மலையாட்டுக்கு உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே நீண்ட உறைமயிர். வெயில் காலம் வந்ததும் பழைய கம்பளி கொத்துக் கொத்தாக உதிர்ந்து ஆல்டர் புதர்களில் தொங்கும். (தென்கிழக்கு அலாஸ்காவின் ட்லிங்கிட் மக்கள் இந்த மலையாட்டுக் கம்பளியோடு மஞ்சள் சீடர் மரப்பட்டை நாரைச் சேர்த்து முறுக்கித்தான் சில்காட் போர்வைகளை நெய்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம், கறுப்பும் மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்து, கண் கண்ணாக உருவங்கள் நிறைந்தவை. கறுப்புக் கொம்பை வேகவைத்து வளைத்துக் கரண்டி செய்து, அதன் பிடியில் குலச் சின்னங்களைச் செதுக்குவார்கள்.) கிடாக்கள் ஜூலையிலேயே பழைய மயிரைக் கொட்டி வழவழவென்று ஆகிவிடும். பால் கொடுக்கிற தாய்க்கு ஆகஸ்டிலும் தொடையிலும் முதுகிலும் பழைய மயிர் கந்தலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உடம்பின் சத்தெல்லாம் பாலுக்குப் போய்விடுவதுதான் காரணம். மயிர் குட்டையாக இருக்கிற அந்தக் காலத்தில், பின்பக்கமாகத் திரும்பி நின்றால் கிடாவின் விதைப்பையும் தெரிந்துவிடும். செப்டம்பர் கடைசியில் புது மயிர் நீண்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஆடுகள் ஒன்றோடொன்று பழகுவதும் ஒரு தடயம். இணைசேரும் காலம் தவிர மற்ற நேரங்களில் மலையாட்டு உலகில் பெட்டைகள்தான் அதட்டும். உப்புப் படிவத்தைத் தேடி ஆடுகள் கூடும் இடத்தில், உருவத்தில் பெரிய ஒன்று சிறிய ஒன்றுக்கு வழிவிட்டு நகர்ந்தால், நகர்ந்தது பெரும்பாலும் கிடா. இவை முட்டிமோதுவதில்லை, பக்கவாட்டில் நின்று ஒன்றன் பின்தொடையில் மற்றது குத்தும். அந்தக் கூரான கொம்புக்குமுன் யாரும் வீரம் காட்டுவதில்லை.

எல்லாவற்றையும்விட உறுதியானது சிறுநீர் கழிக்கும் விதம். கிடா முன்கால்களை முன்னே நீட்டி, உடம்பை இழுத்து நிமிர்த்தி நின்றபடி கழிக்கும். பெட்டை பின்கால்களை மடக்கிக் குந்தும். குட்டி முதல் கிழம் வரை இதில் மாற்றம் கிடையாது, கொம்பு வயசை மறைத்தாலும் மயிர் உடம்பை மறைத்தாலும் இது பொய் சொல்லாது. ஆனால் அதற்கு ஆடு எழ வேண்டும். பகல் முழுக்க அசைபோட்டபடி படுத்துக் கிடக்கும் பிராணி எழும்வரை, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பிற்பகல்

தம்பிக்குக் குலுக்கலில் கீனாய் பக்கம் ஒரு பர்மிட் விழுந்திருந்தது. பல வருடங்கள் விண்ணப்பித்து, விழாமல், கடைசியில் விழுந்தது. நான் வெறுமனே துணைக்குப் போனேன். டெவில்ஸ் கிளப் முட்களையும் ஆல்டர் புதர்களையும் கிழித்துக்கொண்டு ஏறி, மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே ஒரு கிண்ணச் சரிவின் விளிம்பில் தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றினோம். எதிர்ப்பாறையில், நீள்திட்டில், ஒரே ஒரு ஆடு படுத்திருந்தது. தூரமானி 340 கெஜம் என்றது. தம்பியின் துப்பாக்கிக்கு எட்டக்கூடிய தூரம். கீழே சரிவும் செங்குத்து இல்லை, விழுந்தாலும் உருண்டு போய் நொறுங்காது. இப்படி எல்லாம் கூடி வருவது இந்த வேட்டையில் அபூர்வம்.

“அண்ணே, கொம்பப் பாருங்கண்ணே. ஒம்பது அங்குலம் தேறும்.” அவர் குரல் நடுங்கியது.

தேறும்தான். தனியாக இருந்தது. பெரிதாக இருந்தது. மயிர் முழுக்க உதிர்ந்து உடம்பு பளிச்சென்று இருந்தது, கந்தல் எதுவும் இல்லை. முதுகு நல்ல கொழுப்பேறி அகன்றிருந்தது. ஆகஸ்ட் நடுவில் இந்த நான்கும் சேர்ந்தால் கிடா என்று சொல்லாதவர் குறைவு. ஆனால் பக்கவாட்டில் தெரிந்த அந்தக் கொம்பு முக்கால்வாசி நேராகப் போய் மேலே மடங்கியது. தலையை எங்கள் பக்கம் திருப்பியபோது கானல் அலையில் அடிப்பகுதி நெளிந்தது, இடைவெளி இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும். “தம்பி, எந்திரிக்கட்டும். பார்த்துக்கலாம்” என்றேன்.

வெயில் திட்டை விட்டு நகரும்வரை காத்திருந்தோம். காற்று திசை மாறிவிடுமோ என்று அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். ஆடு கண்ணை மூடித் திறந்தது. காதை அசைத்து ஈயை ஓட்டியது. முன்கால் ஒன்றை நீட்டி மடக்கியது, அப்போது குளம்பின் அடி தெரிந்தது: ஓரம் கெட்டியாக, நடுவில் ரப்பர் மாதிரி மெத்தென்று புடைத்த கறுப்புத் தசை. வழுக்குப் பாறையில் அதைத் தாங்குவது அந்தத் தசைதான். பிறகு எந்த அவசரமும் இல்லாமல் எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டித் திரும்பி, பின்கால்களை அகட்டி, குந்தியது. வாலைத் தூக்கியபோது அதற்குக் கீழே கறுத்த திட்டு தெளிவாகத் தெரிந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: “குட்டி இல்லையேண்ணே. சட்டப்படி தப்பில்லதானே?”

“தப்பில்ல.”

“அஞ்சு வருஷத் தடை இருக்குதான். ஆனா எனக்கு இந்தச் சீட்டு விழவே அத்தனை வருஷம் ஆச்சு. அந்தத் தடையால எனக்கு என்னண்ணே நஷ்டம்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கீனாயில் பெட்டையைச் சுட்டவர் அடுத்த 5 ஆண்டுகளுக்கு அங்கே மலையாட்டு வேட்டைக்குப் போக முடியாது. பெட்டையைக் காப்பாற்றப் போட்ட விதிதான். ஆனால் குலுக்கலை நம்பி இருப்பவருக்கு அந்த 5 ஆண்டு எப்படியும் வெறுங்கையோடு போகக்கூடிய காலம். வருடா வருடம் எப்படியாவது மலையேறுகிறவர்களைத்தான் அந்த விதி கடிக்கும். தம்பியைத் தடுக்க மலையில் சட்டமும் இல்லை, அபராதமும் இல்லை. நான் இருந்தேன், எனக்கு அவர் பர்மிட்டின்மேல் எந்த உரிமையும் கிடையாது.

“பர்மிட் உங்களுது, முடிவும் உங்களுது. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அவள் ஏன் கிடா மாதிரி இருக்கிறாள் என்பதைச் சொன்னேன். இந்த வருடம் அவளுக்குக் குட்டி இல்லை. பால் கொடுக்கவில்லை. அதனால்தான் சீக்கிரம் மயிர் கொட்டினாள், அதனால்தான் கொழுத்தாள், குட்டி மந்தையோடு சேராமல் தனியாகப் படுத்திருந்தாள். எந்தெந்த அடையாளங்கள் நம்மைக் கிடா என்று நினைக்க வைத்தனவோ, அத்தனையும் ஒரு வருடம் ஓய்வெடுக்கும் பெட்டையின் அடையாளங்கள். இந்த உடம்போடு குளிர்காலத்துக்குள் போனால் அடுத்த ஜூனில் குட்டி போட வாய்ப்பு நிறைய.

தம்பி மறுபடியும் தொலைநோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செப்டம்பரில், வேறொரு சரிவில், ஒரு கிடாவை எடுத்தார். அதன் கொம்பு எட்டேகால் அங்குலம், அந்தப் பெட்டையினுடையதைவிடக் குட்டை. அடிச் சுற்றளவு 5 அங்குலத்தைத் தாண்டியது. கொம்பில் விழுந்திருந்த ஆண்டு வளையங்களை எண்ணினோம், 6. முதல் குளிர்காலத்தில் வளையம் விழாது என்பதால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், ஆக ஏழு வயது.

ஒரு பெட்டை என்றால் எவ்வளவு

நம்மூர் வெள்ளாடு ஒன்றரை வயதுக்குள் ஈன்றுவிடும், இரட்டைக் குட்டி சர்வ சாதாரணம். அந்த நினைப்போடு மலையாட்டைப் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் காவ் ரிட்ஜ் என்ற மலைமுகட்டில் மார்கோ ஃபெஸ்டா-பியாங்கே, ஸ்டீவ் கோட்டே ஆகியோரின் குழு 1980களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு ஆட்டுக்கும் அடையாளம் கட்டி, பிறப்பிலிருந்து சாவு வரை பின்தொடர்ந்தது. அவர்கள் கண்டது: பெட்டை முதல் குட்டி போடுவதே பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. எல்லா வருடமும் போடுவதில்லை. பிறந்த குட்டிகளில் கணிசமானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. கரடி, ஓநாய், கழுகு, தவறிய கால், எல்லாவற்றுக்கும் மேல் பனிச்சரிவு. தென்கிழக்கு அலாஸ்காவில் கழுத்தில் கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆடுகளில் பனிச்சரிவில் செத்தவை ஏராளம் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நன்றாக வளர்ந்த, திடமான ஆடுகளையும் பனிச்சரிவு விட்டுவைப்பதில்லை. அப்படியானால் ஏழெட்டு வயதுப் பெட்டை என்பது இத்தனையையும் தாண்டி வந்து, இப்போதுதான் மந்தைக்குப் பலன் தரத் தொடங்கியிருக்கும் ஒரு உயிர். அவள் இடத்தில் இன்னொருத்தி வர எத்தனை குட்டிகள் பிறந்து, எத்தனை குளிர்காலம் தாண்ட வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. இளம் கிடாக்கள் பிறந்த இடத்தை விட்டு வேறு மலைக்குப் போகும். பெட்டைகள் பெரும்பாலும் தாய் மேய்ந்த சரிவிலேயே வாழ்ந்து முடிக்கும். ஒரு மலையின் கிடாவை எடுத்தால் பக்கத்து மலையிலிருந்து இன்னொன்று வரலாம். பெட்டைகளை எடுத்துவிட்டால் அந்த மலைக்கு அவ்வளவு சுலபமாக யாரும் வரமாட்டார்கள். ஆல்பர்ட்டாவில் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். மந்தைகள் தேய்ந்துபோய், 1980களின் கடைசியில் மலையாட்டு வேட்டையை மொத்தமாக மூடினார்கள். மூடிய பிறகும் பல மந்தைகள் உடனே நிமிரவில்லை. 2001இல் மிகச் சில பர்மிட்டுகளோடு மறுபடி திறந்தார்கள். சிறிய மந்தைகளில் வேட்டையே கூடாது, பெரிய மந்தையிலும் நூற்றுக்குச் சில ஆடுகளுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் சொல்வது. அத்தனை சின்ன எண்ணில் இரண்டு மூன்று பெட்டைகள் கூடிப்போனால் கணக்கே கவிழ்ந்துவிடும்.

சட்டம் போட்டால் தீருமா

அப்படியானால் பெட்டையைச் சுடுவதைத் தடை செய்துவிட வேண்டியதுதானே? நானும் பல காலம் அப்படித்தான் வாதாடினேன். இப்போது அந்தப் பக்கம் உறுதியாக நிற்க முடியவில்லை. தம்பி கேட்ட கேள்வியைச் சுற்றிச் சுற்றி யோசித்ததில் எனக்குத் தோன்றியது இது. அனுபவமுள்ளவரே தடுமாறுகிற இனத்தில் அடையாளம் தப்புவதைக் குற்றமாக்கினால், தப்பியவர் என்ன செய்வார்? சிலர் நேர்மையாக வந்து சொல்வார்கள். சிலர் செத்த ஆட்டை மலையிலேயே விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போவார்கள். ஒன்றுக்கு இரண்டு போகும். அதோடு எத்தனை பெட்டை செத்தது என்கிற கணக்கும் துறையின் கைக்கு வராது. அந்தக் கணக்கு இல்லாமல் அடுத்த வருடம் எத்தனை பர்மிட் கொடுப்பது என்று தீர்மானிக்கவே முடியாது. கொம்பைக் கொண்டுவந்து காட்டுகிறவர் பயப்படாமல் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

தென்கிழக்கு அலாஸ்காவில் பார்த்த ஏற்பாடு எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு மலைப்பகுதிக்கும் இத்தனை புள்ளிகள் என்று வைத்திருக்கிறார்கள். கிடா செத்தால் 1 புள்ளி கழியும், பெட்டை செத்தால் 2. புள்ளி தீர்ந்தால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் சீசன் மூடப்படும். பெட்டையைச் சுட்டவர் மேல் வழக்கு இல்லை, ஆனால் அவர் தெருவில் இருக்கிற இன்னொருவரின் வேட்டை அதனால் போகிறது. யார் எதைச் சுட்டார் என்பது சின்ன ஊரில் மறைவதில்லை. அடுத்தவர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்ற எண்ணம், ஐந்து வருடத் தடை தம்பியிடம் செய்யாததை அங்கே செய்கிறது.

அதோடு தேர்வை எல்லாப் பகுதியிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில் படங்கள் மட்டும் போதாது. படத்தில் ஆடு எப்போதும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மலையில் நிற்காது. காணொளிகளை வைத்து, படுத்திருக்கும் ஆட்டைக் காட்டி, ‘இப்போது சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும்’ என்பதையும் ஒரு சரியான விடையாக வைக்க வேண்டும். இப்போதைய பழக்கம் கிடா, பெட்டை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறது. சொல்லியே ஆக வேண்டும் என்கிற அந்த நெருக்கடியில்தான் 340 கெஜத்தில் தவறு நடக்கிறது.

தேர்வு மாறும்வரை பழகிக்கொள்ள ஒரு நல்ல இடம் சூவர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எக்ஸிட் பனியாற்றின் ஓரமாக ஹார்டிங் பனிவயலுக்கு ஏறும் பாதை. கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, அதனால் அங்கே ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதும் குறைவு. மேய்வது, புழுதியில் புரள்வது, ஒன்றையொன்று விரட்டுவது, குந்துவது, நீட்டி நிற்பது, எல்லாவற்றையும் பார்க்கலாம். கொம்பைப் பார்த்து முதலில் ஒரு முடிவு எழுதி வைத்துக்கொண்டு, ஆடு எழுந்து சிறுநீர் கழிக்கும்போது அந்த முடிவைச் சரிபார்க்க வேண்டும். தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. பர்மிட் விழுந்தவர்கள் ஆகஸ்டுக்கு முன் ஒரு ஜூலை வாரயிறுதியையாவது அதற்கு ஒதுக்குங்கள். கரடி நடமாட்டம் உள்ள பாதை, மிளகு ஸ்ப்ரேயை மறக்க வேண்டாம்.